சுவருக்குள் எரிந்த விறகு

திருவனந்தபுரம் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே தம்பானூர் பேருந்து நிலையம். அதன் பக்கத்தில், சுருட்டி நிறுத்திய கோரைப்பாய் போலச் செங்கல் நிறத்தில் ஒரு வட்டக் கட்டடம் நிற்கிறது. இந்தியன் காபி ஹவுஸ். உள்ளே மாடிப்படி கிடையாது. தரையே சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. தலைப்பாகையில் விசிறி மடிப்பு வைத்த பரிமாறுபவர்கள் அந்தச் சரிவில் தட்டுகளோடு ஏறி இறங்குவதே ஒரு காட்சி. மேஜையும் பெஞ்சும் சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டவை. சுவரில் வரிசை வரிசையாகத் துளைகள். வெளிச்சமும் காற்றும் அந்த வழியாகத்தான் வருகின்றன. பீட்ரூட் மசாலா வைத்த தோசையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும்போது, நடுப்பகலில்கூட இங்கே ஏசி இல்லை என்பது பலருக்கும் உறைப்பதில்லை.

இதை வடிவமைத்தவர் லாரி பேக்கர். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 1917இல் பிறந்து, 2007இல் திருவனந்தபுரத்தில் மறைந்தவர். கேரளத்தில் ‘பேக்கர் வீடு’ என்றால் ஆட்டோ ஓட்டுநருக்கும் புரியும். ஆனால் ஒரு தனிமனிதரின் கைவண்ணமாக நின்றுபோயிருக்கக்கூடிய அந்தக் கட்டுமான முறையைக் கொத்தனார்களின் கைப்பழக்கமாக மாற்றியது, திருச்சூரில் தொடங்கிய லாப நோக்கமற்ற ஓர் அமைப்பு. அதன் பெயர் காஸ்ட்ஃபோர்ட். ‘கிராம வளர்ச்சிக்கான அறிவியல் தொழில்நுட்ப மையம்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது.

1985இல் அதைத் தொடங்கியவர்களின் பட்டியல் சற்று வினோதமானது. ஒருவர் 1970களின் பெரும்பகுதியில் கேரள முதலமைச்சராக இருந்த சி. அச்சுத மேனன். இன்னொருவர் பொருளாதார அறிஞர் கே.என். ராஜ், இந்தியாவின் முதல் ஐந்தாண்டுத் திட்ட வரைவில் இளைஞராகப் பங்கேற்றவர். மூன்றாமவர் பேக்கர். நிறுவனத்தின் அன்றாடப் பொறுப்பைச் சுமந்தவர் டி.ஆர். சந்திரதத். அரசியல்வாதி, பொருளாதார நிபுணர், கட்டடக் கலைஞர், நிர்வாகி என நால்வரும் சேர்ந்து கேட்ட கேள்வி எளிமையானது: சாதாரண மனிதன் வீடு கட்ட ஏன் இவ்வளவு செலவாகிறது?

விடையைத் தேடிப் போனவர்கள் வழியில் இன்னொன்றையும் கண்டார்கள். வீட்டுச் செலவை ஏற்றும் பொருள்கள் எவையோ, அவையே பெரும்பாலும் எரிபொருளையும் விழுங்குகின்றன.

ஒரு செங்கல், ஒரு யூனிட்

மின்சாரச் சிக்கனம் என்றதும் நமக்கு நினைவு வருவது எல்இடி விளக்கும், ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் நட்சத்திர அட்டையும்தான். வாங்கிய மின்விசிறி எத்தனை நட்சத்திரம் என்று பார்க்கிறோம். அந்த மின்விசிறியைத் தொங்கவிடும் கூரைக்கும், சுற்றி நிற்கும் சுவருக்கும் எவ்வளவு எரிபொருள் போயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த வெங்கடராம ரெட்டியும் ஜகதீஷும் அதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். 2003இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, சூளையில் ஒரு செங்கல்லைச் சுட ஏறக்குறைய 4.25 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். வீட்டு மீட்டர் கணக்கில் ஒரு யூனிட் என்பது 3.6 மெகாஜூல். அதாவது ஒவ்வொரு செங்கல்லுக்குள்ளும் ஒரு யூனிட்டுக்கும் சற்றுக் கூடுதலான வெப்பம் புதைந்து கிடக்கிறது.

20,000 செங்கல் பிடிக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். செங்கல் கணக்கு மட்டுமே 23,000 யூனிட்டைத் தாண்டிவிடும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். அந்த 100 யூனிட்டோடு ஒரு குடும்பம் காலம் தள்ளினால், அது 39 ஆண்டுகளில் செலவழிக்கும் ஆற்றல், வீட்டுக்குப் பால் காய்ச்சும் முன்பே சூளையில் எரிந்து முடிந்திருக்கும். சூளையின் வெப்பமும் கம்பியில் வரும் மின்சாரமும் ஒன்றல்லதான். ஆனாலும் அளவு புரிய இந்த ஒப்பீடு போதும்.

செங்கல்லாவது ஆயிரம் டிகிரிக்குள் வெந்துவிடுகிறது. சிமென்டுக்கான சுண்ணாம்புக்கல்லை ஏறக்குறைய 1,450 டிகிரி வரை சூடேற்ற வேண்டும். அந்தச் சூட்டில் கல்லே உடைந்து கரியமில வாயுவைக் கக்குகிறது. நிலக்கரிக்குப் பதில் சூரிய சக்தியால் சூளையை எரித்தாலும் அந்த வாயு வந்தே தீரும். உலகம் முழுவதும் வெளியாகும் கரியமில வாயுவில் சிமென்டின் பங்கு 7 முதல் 8 சதவீதம். இரும்புக் கம்பி, கண்ணாடி, அலுமினியம் எல்லாமே இந்த வகைதான்: பிறக்கும்போதே நெருப்பைக் குடித்தவை.

பேக்கர் இந்தப் பாடத்தை ஆய்வகத்தில் கற்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது குவேக்கர் கிறிஸ்தவப் பிரிவின் மருத்துவ உதவிக் குழுவோடு சீனா சென்றவர், நாடு திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். ஒரு நல்ல வீடு அதைச் சுற்றி ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைக்கும் பொருள்களாலேயே கட்டப்பட வேண்டும் என்பது காந்தியின் எண்ணம். தொடக்கத்தில் அது நடைமுறைக்கு ஒத்துவராத ஆசை என்று தோன்றியதாகவும், பிறகு அதுவே சரியென்று உணர்ந்ததாகவும் பேக்கர் பின்னாளில் எழுதினார். தொழுநோயாளிகளுக்கான பணிக்காக இந்தியா திரும்பினார். கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் எலிசபெத் ஜேக்கப்பை மணந்தார். இமயமலையின் பித்தோராகட் பகுதியில் 16 ஆண்டுகள் வாழ்ந்தார். அங்கே மலைவாழ் மக்கள் கல்லையும் மண்ணையும் மரத்தையும் வைத்துக் கட்டிய வீடுகளைப் பார்த்தபோது, கல்லூரியில் படித்தது பாதிப் படிப்பு என்று அவருக்குப் புரிந்தது.

1960களில் தம்பதி கேரளம் வந்தார்கள். பின்னர் ராஜ் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையத்துக்கு ஒரு வளாகம் தேவைப்பட்டது. அப்போது அச்சுத மேனன் முதல்வர். வேலை பேக்கரிடம் வந்தது. மரங்களை வெட்டாமல், சரிவை மட்டம் தட்டாமல், மரம் நிற்கும் இடத்தில் சுவரை வளைத்து, ஏழு தளங்கள் உயர்ந்த நூலகக் கோபுரத்தோடு அந்த வளாகம் எழுந்தது. காஸ்ட்ஃபோர்டின் விதை விழுந்தது அந்தக் கட்டுமானத் தளத்தில்தான் எனலாம்.

எலிப்பொறியும் ஓட்டு மெத்தையும்

காஸ்ட்ஃபோர்டின் கட்டடங்களில் முதலில் கண்ணில் படுவது பூச்சு இல்லாத சுவர். அந்தச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் சூட்சுமம்.

பழைய அளவுச் செங்கல் 9 அங்குல நீளம், நாலரை அங்குல அகலம், 3 அங்குல உயரம். வழக்கமாக இதைப் படுக்க வைத்துக் கட்டுவோம். ஒரு வரி கட்டினால் சுவர் 3 அங்குலம் உயரும். இதே கல்லை விளிம்பில் நிறுத்தினால் ஒரு வரிக்கு நாலரை அங்குலம் உயரும். முன்பக்கம் ஒரு கல், பின்பக்கம் ஒரு கல், இரண்டையும் பிணைக்கக் குறுக்கே ஒரு கல். இப்படிக் கட்டும்போது நடுவில் 3 அங்குல அகலத்தில் ஒரு பொந்து விழுகிறது. மேலிருந்து பார்த்தால் எலிப்பொறி போலவே இருக்கும். ஆங்கிலத்தில் ‘ராட் ட்ராப் பாண்ட்’ என்ற பெயர் வந்தது அதனால்தான். இங்கிலாந்துக் கிராமங்களில் எளிய வீடுகளுக்குப் பயன்பட்ட முறை அது.

சுவரின் தடிமன் அதே 9 அங்குலம். மாடி தாங்கும் வலுவும் உண்டு. ஆனால் 100 கல் பிடிக்கும் இடத்தில் 75 போதும். கலவையும் குறையும். மேலே சொன்ன 20,000 கல் வீட்டில் 5,000 கல் மிச்சம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் செலவழிக்கும் அதே குடும்பத்துக்கு அது பத்தாண்டுகளுக்குச் சற்றுக் குறைவான மின்சாரம்.

அந்தப் பொந்து வெறும் சிக்கனத்துக்கு மட்டுமல்ல. வெப்பத்தைக் கடத்துவதில் காற்று மகா சோம்பேறி. மேற்குச் சுவரில் பிற்பகல் முழுவதும் வெயில் அடித்தாலும், வெளிக்கல்லின் சூடு உள்கல்லை எட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மின்கம்பிக் குழாய்களையும் அந்தப் பொந்து வழியாகவே இறக்கலாம்; கட்டிய சுவரை உளி வைத்துக் கொத்தும் வேலை மிச்சம். நிலநடுக்கப் பகுதிகளில் மூலைகளின் பொந்துக்குள் கம்பியை நிறுத்திக் கான்கிரீட் நிரப்பி வலுவூட்டலாம்.

கூரையிலும் இதே தந்திரம்தான். கான்கிரீட் தளத்தின் மேல்பாதி அமுங்கும், கீழ்ப்பாதி இழுபடும். இழுவையைத் தாங்குவது கம்பிதான். அங்கே கான்கிரீட்டுக்குக் கம்பியைப் பிடித்துக்கொள்வதைத் தவிரப் பெரிய வேலை இல்லை. அப்படியானால் அங்கே அதை எதற்குக் கொட்ட வேண்டும்? கம்பிக் கட்டங்களுக்கு நடுவே இரண்டு மங்களூர் ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிட்டு, மேலே கான்கிரீட் போட்டார் பேக்கர். பழைய ஓடாக இருந்தாலும் போதும். இதற்கு ‘ஃபில்லர் ஸ்லாப்’ என்று பெயர். கான்கிரீட் செலவில் ஒரு நல்ல பங்கு குறைகிறது. இரண்டு ஓடுகளுக்கு இடையே சிக்கிய காற்று மொட்டைமாடிச் சூட்டை மட்டுப்படுத்துகிறது. கீழே படுத்து அண்ணாந்து பார்த்தால், சிவப்பு ஓடுகள் கட்டம் கட்டமாக அழகாகத் தெரியும்.

பிறகு ஜாளி. (நம்மூர்க் கருங்கல் ஜல்லியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) செங்கல்களை இடைவெளி விட்டு அடுக்கிக் கட்டும் துளைச்சுவர் அது. மரச்சட்டமும் கம்பியும் கண்ணாடியும் சேர்ந்த ஜன்னலின் வேலையில் பெரும்பகுதியை, கல்லை வைக்காமல் விட்ட இடங்களே செய்துவிடுகின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தின் பத்மநாபபுரம் அரண்மனையில் மரக்கிராதிகளுக்குப் பின்னால் நின்று பார்த்தவர்களுக்கு இந்த வெளிச்சம் புதிதல்ல. வெளியே கண் கூசும் வெயில், உள்ளே பாதி நிழல், நடுவே ஓயாத காற்று. திருவிதாங்கூர்த் தச்சர்கள் மரத்தில் செய்ததைப் பேக்கர் செங்கல்லில் செய்தார்.

வட்டச் சுவர்கள்மேல் அவருக்கு இருந்த பிரியத்துக்கும் கணக்கு உண்டு. 400 சதுர அடி அறையைச் சதுரமாகக் கட்டினால் சுற்றுச்சுவர் 80 அடி ஓடும். வட்டமாகக் கட்டினால் 71 அடி போதும். இடம் அதே, சுவர் 9 அடி குறைவு.

கொத்தனாரிடம் போன கல்வி

ஒரு நல்ல யோசனை நூறு வீடுகளாவது வேறு கதை. அதற்கு ஆள்கள் வேண்டும். பேக்கர் பழைய கடித உறைகளின் பின்புறத்தில் படம் வரைவார். கட்டுமிடத்திலேயே நின்று சுவரை வளைக்கச் சொல்வார். அவர் ஒருவர் எத்தனை இடத்தில் நிற்க முடியும்?

காஸ்ட்ஃபோர்ட் அந்தச் சிக்கலை இரண்டு வழிகளில் அவிழ்த்தது. ஒன்று, இந்த முறையில் பழகிய கொத்தனார்களையும் இளம் பொறியாளர்களையும் கட்டடக் கலைஞர்களையும் உருவாக்கி, மாவட்டங்களில் துணை மையங்கள் திறந்தது. வரைபடம் போடுவதும் கட்டி முடிப்பதும் ஒரே கூரையின் கீழ் நடந்ததால், ‘இந்த மாதிரி கட்ட எங்களுக்குத் தெரியாது’ என்று ஒப்பந்தக்காரர் நழுவும் பேச்சுக்கு இடமில்லாமல் போனது. இரண்டாவது வழி, சிறு புத்தகங்கள். செலவைக் குறைப்பது எப்படி, செங்கல் வேலை, மண் வீடு என்று பேக்கர் தன் கையெழுத்திலும் கைச்சித்திரத்திலும் ஆக்கித் தந்த ஏடுகளை நிறுவனம் மலிவாக அச்சிட்டது. வழக்கமான வீட்டையும் மாற்று வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டும் அந்தப் படங்களைப் புரிந்துகொள்ள அதிகப் படிப்பு தேவையில்லை.

அதே காலத்தில் அரசாங்கமும் அசைந்தது. 1985 வெள்ளத்துக்குப் பிறகு கொல்லத்தில் உருவான நிர்மிதி கேந்திரா என்ற கட்டுமான மையம், இதே வகை உத்திகளைக் கையிலெடுத்தது. பின்னர் மத்திய அரசின் வீட்டுவசதி நிறுவனமான ஹட்கோவின் ஆதரவோடு அந்த மாதிரி மற்ற மாநிலங்களுக்கும் போனது.

யாருக்காக இந்த வீடுகள்? திருவனந்தபுரத்தின் நடுவே செங்கல்சூளை என்று ஒரு குடிசைப் பகுதி உண்டு. பெயருக்குத் தமிழில் விளக்கம் வேண்டியதில்லை. அங்கிருந்த மக்களுக்குப் பேக்கர் அடுக்கு வீடுகள் வடிவமைத்தார். பிற்காலத்தில் அதே நகரின் கரிமடம் காலனியில் காஸ்ட்ஃபோர்ட் வேலை செய்தபோது, மக்களை ஊருக்கு வெளியே அனுப்பாமல், அவர்கள் இருந்த இடத்திலேயே வீடுகளை எழுப்பியது. பொந்துச்சுவர், ஓடு பதித்த கூரை, ஜாளி என்று பேராசிரியர் வீட்டுக்குப் போட்ட அதே பொருள்கள்தான் அங்கும். ‘குறைந்த செலவு வீடு’ என்ற சொல்லே பேக்கருக்குப் பிடிக்காது. ஏழைக்கு மட்டும் சிக்கனம் போதிப்பது என்ன நியாயம் என்பது அவர் கட்சி.

அந்தச் சொல் படுத்திய பாடு கொஞ்சமல்ல. 1970களுக்குப் பிறகு வளைகுடாப் பணம் கேரளத்துக்குள் பாய்ந்தது. கான்கிரீட் மாளிகை அந்தஸ்தின் அடையாளமானது. பூசாத செங்கல் சுவரைப் பார்த்ததும் பக்கத்து வீட்டார் விசாரிப்பார்கள். நம் ஊரிலும் அதே விசாரிப்புதான்: “என்ன அண்ணாச்சி, கையிருப்பு தீந்துபோச்சா? பூச்சு வேலை எப்ப?”

குறைகளும் உண்டு

பேக்கர் வீட்டில் குடியிருப்பவர்கள் அதன் சங்கடங்களையும் மறைப்பதில்லை. ஜாளி வழியாகக் காற்று வரும்; கொசுவும் வரும். துளைகளில் சிலந்தி வலை கட்டும், ஒட்டடை அடித்து மாளாது. செங்கல் தரமாக இல்லாவிட்டால், பூசாத சுவர் மழைச் சாரலில் ஈரம் குடிக்கும். கல் ஒரே அளவாக இல்லாவிட்டால் பொந்துச்சுவர் நேராக நிற்காது.

கூலி இன்னொரு சிக்கல். பொருளைக் குறைத்துக் கைவேலையைக் கூட்டும் முறை இது. பணம் ஆலைக்குப் போவதைவிட உழைப்பாளியின் கைக்குப் போவதே மேல் என்று பேக்கர் வாதிட்டார். ஆனால் கேரளத்தில் கொத்தனார் கூலி உயர உயர, பொருளில் கிடைத்த லாபத்தைக் கூலி தின்னத் தொடங்கியது. பணக் கணக்கு தடுமாறிய இடத்திலும் ஆற்றல் கணக்கு அசையவில்லை என்பது வேறு விஷயம்.

செங்கல்லே ஒரு கட்டத்தில் கேள்விக்கு உள்ளானது. அதற்கான களிமண் பெரும்பாலும் நெல்வயல்களிலிருந்து தோண்டப்படுகிறது. சூளைக்கு விறகோ கரியோ வேண்டும். எனவே மண்சுவர், மூங்கில், இடித்த கட்டடத்தின் மரமும் ஓடும் என்று காஸ்ட்ஃபோர்டின் பார்வை நகர்ந்தது. பேக்கரின் மறைவுக்குப் பின் திருவனந்தபுரத்தை அடுத்த விளப்பில்சாலையில் அமைந்த லாரி பேக்கர் வாழிட ஆய்வு மையம் இந்தப் பொருள்களில் பயிற்சி தருகிறது.

இந்தத் திசையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு வீடு உண்டு. ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் 1989 முதல் இயங்குகிறது. அங்குள்ள செம்மண்ணோடு 5 சதவீத அளவில் சிமென்ட் கலந்து, எந்திரத்தில் அழுத்திக் கல்லாக்குகிறார்கள். சூளையே இல்லை, ஈரம் காட்டிப் பதப்படுத்தினால் போதும். மேலே சொன்ன பெங்களூரு ஆய்வு இந்த வகை அழுத்திய மண்கல்லையும் கணக்கில் எடுத்திருந்தது. கான்கிரீட் தூண் எழுப்பிக் கட்டும் அடுக்குமாடியில் ஒரு சதுர மீட்டருக்கு 4.2 கிகாஜூல் ஆற்றல் போகிறது. சுட்ட செங்கல் சுவரே பாரம் தாங்கும் இரண்டு மாடி வீட்டில் 2.9. மண்கல் சுவரும் மண்கல் நிரப்பிய கூரையும் உள்ள வீட்டில் 1.6. ஒரே அளவு இடம், அடுக்குமாடியில் எரிந்ததில் பாதிக்கும் குறைவான நெருப்பு.

அரசு விதிகள் அண்மைக் காலத்தில்தான் சுவர் பக்கம் திரும்பின. மத்திய எரிசக்தித் திறன் பணியகம் 2018இல் வெளியிட்ட ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ குடியிருப்புகளுக்கான விதித்தொகுப்பு. நம்மைப் போன்ற வெப்பப் பகுதிகளில், சுவரும் ஜன்னலும் சேர்ந்து உள்ளே விடும் வெப்பம் சதுர மீட்டருக்குச் சராசரியாக 15 வாட்டுக்கு மேல் போகக்கூடாது என்றது அது. குடியிருக்கும்போது ஆகும் மின்செலவைக் கட்டுப்படுத்த வந்த எண் அது. கட்டும்போதே எரிந்துவிட்ட எரிபொருளுக்கு அந்த 2018 தொகுப்பில் இடம் தரப்படவில்லை.

வீடு கட்டத் திட்டமிடும் ஒருவர் இவை அத்தனையையும் ஒரே மூச்சில் செய்தாக வேண்டும் என்பதில்லை. கூரையில் மட்டும் ஓடு பதிக்கலாம்; வெயில் விழும் மேற்குச் சுவரை மட்டும் பொந்துவைத்துக் கட்டலாம். பழகாத கொத்தனார் முதல் நாள் முணுமுணுக்கத்தான் செய்வார். அவர் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்றுதான்: அடுத்த வரிக்குக் கலவை போடும்போது பாதி பொந்துக்குள் விழுந்துவிடும். காற்று இருக்க வேண்டிய இடம் சிமென்டால் அடைபடும். சிக்கனமும் போச்சு, குளிர்ச்சியும் போச்சு. இதற்கு வைத்தியம் 3 அங்குல அகலப் பலகைத் துண்டு. பொந்தின் மேல் அதை மூடி வைத்துக் கலவையைப் பரப்பி, பலகையை எடுத்துவிட்டுக் கல்லை நிறுத்த வேண்டும். சென்டரிங் போட்டு மிஞ்சிய பலகையில் அறுத்துக்கொள்ளலாம், செலவு ஒன்றும் கிடையாது.